கணினியின் முனகலில் பிறந்த இசை

ஆசிரியருக்கு,

திரைப் பின்னணி இசை பற்றிய ஞாயிறு கட்டுரையில் ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சனுக்கு ஒரே வரிதான்: ‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ படத்துக்குக் கோல்டன் குளோப் வாங்கியவர் என்று. சரி, வாங்கினார். ஆனால் அவருடைய அப்பாவின் கதையை விட்டுவிட்டீர்களே!

அப்பா, ஐபிஎம் 1401 கணினியைப் பராமரித்த பொறியாளர். அதன் நினைவகம் கசியவிட்ட மின்காந்த அலைகளை வானொலிப் பெட்டியில் பிடித்து, அதற்கேற்ப நிரல் எழுதி இயந்திரத்தைப் பாட வைத்தார். 1971இல் கணினிக்கு விடை கொடுத்தபோது அந்தப் பாட்டை நாடாவில் பதிந்தும் வைத்தார். மகன் அதைத் தேடி எடுத்து, தந்தி வாத்தியக் குழுவைச் சேர்த்து 2006இல் ஆல்பமாக்கினார். இரும்புப் பெட்டிக்கு ஒப்பாரி என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் இசையமைத்த ‘சிக்காரியோ’ படத்தில் அடிவயிற்றைக் கலக்கும் அந்த உறுமலைக் கேட்டவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

அப்புறம் அவர் இசையமைத்த ‘அரைவல்’. இன்னொரு இசையமைப்பாளரான மாக்ஸ் ரிக்டரின் பழைய இசையும் படத்தில் இருந்ததால், இவரது இசையை ஆஸ்கர் போட்டிக்கே எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் பெர்லினில் இறந்தபோது யோஹான்சனுக்கு வயது 48.

இன்னொரு கட்டுரை வந்தால் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர்