வேலையை விடும் முன் இந்தக் கணக்கைப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். 2026 ஆகஸ்டோடு வேலையை விடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இ.பி.எஸ். பென்ஷன், அதாவது பி.எஃப்.-போடு சேர்ந்த ஊழியர் பென்ஷன், 58 வயதில் மாதம் 4,714 ரூபாய் வரும் என்று போட்டிருக்கிறாயே, அது வராது.

15,000-ஐ 22 வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்திருக்கிறாய். சூத்திரம் சரிதான். ஆனால் பென்ஷன் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 6,500-லிருந்து 15,000 ஆனது 2014 செப்டம்பர் 1-ம் தேதி. அதற்கு முந்தைய சேவைக்கு 6,500 வரைதான் எடுப்பார்கள். நீ சேர்ந்தது 2004 செப்டம்பர். முதல் பத்து வருஷத்துக்கு 6,500 × 10 ÷ 70, அதாவது 929. அடுத்த பன்னிரண்டுக்கு 15,000 × 12 ÷ 70, அதாவது 2,571. ஆக 3,500. முழுச் சம்பளத்துக்கும் கணக்கிடும் கூடுதல் பென்ஷனுக்கு நீ விருப்பம் கொடுக்காததால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இவ்வளவுதான். இ.பி.எஸ். பென்ஷனுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. 58 வயதில் 3,500 என்றால் 70 வயதிலும் அதே 3,500-ஐ வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

50 வயதிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், ஆனால் வேண்டாம் என்பேன். 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு. 2008 செப்டம்பர் வரை இது 3 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கைப் பார்த்து யாராவது சொன்னால் நம்பாதே. எட்டு வருஷம் முன்னால் வாங்கினால் கால் பங்குக்கு மேல் போய்விடும். 58 ஆனதும் அதைத் திருப்பித் தர மாட்டார்கள், வெட்டு ஆயுளுக்கும் நிற்கும். அந்த எட்டு வருஷச் செலவுக்குக் கையிருப்பிலிருந்து வழி பார்.

உச்சவரம்பை உயர்த்துவார்கள் என்று காத்திருந்து தேதியைத் தள்ளவும் வேண்டாம். பென்ஷனுக்கு எடுக்கும் சம்பளம் முன்பு கடைசி 12 மாதச் சராசரி, 2014-லிருந்து கடைசி 60 மாதச் சராசரி. அதை உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்டுவிட்டது. உயர்ந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் உன் பென்ஷன் பெரிதாக ஏறாது. நீ விலகிய பிறகு வரும் உயர்வு உன் கணக்கைத் தொடவே தொடாது.

தேதியில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மொத்த சேவையில் முழு வருஷங்கள் போக ஆறு மாதமோ அதற்கு மேலோ மிஞ்சினால் அதை ஒரு முழு வருஷமாக எடுப்பார்கள். அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள். சம்பளமில்லா விடுப்பு நாட்களைக் கழித்துவிட்டுத்தான் இதைப் பார்ப்பார்கள். உன் கணக்கில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு.

விலகியதும் படிவம் 10சி போட்டு ஸ்கீம் சர்ட்டிபிகேட், அதாவது உன் பென்ஷன் சேவையைக் காட்டும் சான்றிதழ், வாங்கிக்கொள். பத்து வருஷம் தாண்டிவிட்டதால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, இந்தச் சான்றிதழ்தான் கிடைக்கும். 58-க்கு முன் உனக்கு ஏதாவது ஆனால் மாப்பிள்ளைக்குப் பென்ஷன் வர இதுதான் ஆதாரம். எழுதவே மனசு வரவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. மறுபடி எங்காவது வேலைக்குச் சேர்ந்தால் இதைக் கொடுத்துப் பழைய சேவையைச் சேர்த்துக்கொள்ளலாம். 58-ல் பென்ஷன் கேட்டுப் படிவம் 10டி போட வேண்டும்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணின் பதிவில் வேறொன்று, பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம், பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமலே விட்டது. பி.எஃப். பணத்தை மாற்றிய பிறகு புதிய பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி பூஜ்ஜியம் காட்டினால் பதறாதே, பென்ஷனில் புதிய கணக்குக்கு மாறுவது சேவைக் காலம் மட்டும்தான், பணம் அல்ல. அந்தச் சேவைக் காலம் 2004-லிருந்து விட்டுப்போகாமல் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து எழுது. விடுபட்டிருந்தால், நீ வேலையில் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம்.

அன்புடன்,
அப்பா