வாவிக்கரை மேசையைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள மட்டக்களப்பு உறவுகளுக்கு,

பாங்கொக்கில் இருந்து கொழும்புக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி எழுதவேண்டும் என்றுதான் கொப்பியைத் திறந்தேன். யாருக்கு எழுதத் தொடங்கினாலும் கதை அந்த வாவிக்கரைக் கிளப்பின் பின்னறை ஸ்னூக்கர் மேசையில் போய் நின்றது. சரி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான் கல்லடிப் பொடியன், ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளை மேசையின் பொக்கட்டுகளில் போடுகிற ஸ்னூக்கர் ஆடுகிறேன். கொழும்பில் ஒரு கிளப்பில் காலையில் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்து, பின்னேரத்தில் நான் பழகுகிறேன். அந்தச் சம்பளத்தில்தான் சீவியம். உலகத் தொழில்முறைச் சுற்றுக்குள் நுழைய கியூ ஸ்கூல் என்று ஒரு வாசல் இருக்கிறது. ஆசியா, ஓசியானியா ஆட்டக்காரர்களுக்கு அதைப் பாங்கொக்கில் வைக்கிறார்கள். கடைசிவரை வென்று போகிற ஒரு சிலருக்கு இரண்டு பருவங்கள் ஆடுவதற்கான அட்டை கிடைக்கும். எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் ஆட்டம் வென்றேன், இரண்டில் தோற்றேன். அதற்கே எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினீர்கள் என்று அம்மா போனில் சொன்னார். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

முதல் நன்றி, கிளப்பில் புள்ளி குறித்து மேசையைப் பார்த்துக்கொள்கிற மார்க்கர் மாமாவுக்கு. பெயரைப் போட்டால் கோபிப்பீர்கள், அதனால் ஊர் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன்.

13 வயதில் நான் அந்த அறைக்குள் வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். மார்கழி மழை. உள்ளே ஒருவர் பச்சைத் துணி போர்த்த பெரிய மேசைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு இஸ்திரி போடுவதை அதற்குமுன் நான் கண்டதில்லை. நனைந்த காலோடு வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். முதலில் பிரஷ்ஷால் துணியை ஒரே திசையில் வாரினார், வெள்ளைக் கோடு இருக்கிற பக்கத்தில் தொடங்கிக் கறுப்புப் பந்து வைக்கும் பக்கம்வரை. பிறகு பெட்டியைப் பழைய பேப்பர் ஒன்றில் வைத்துப் பார்த்தார். பேப்பர் பழுக்கவில்லை என்று கண்ட பிறகுதான் துணியில் வைத்தார். 12 அடி நீளத்தையும் ஒரே இழுவை. நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் தடம் விழுந்துவிடுமாம். முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"மழை விடாது மனே. உள்ளுக்கு வா. காலத் துடைச்சிற்று வா."

அன்றைக்கு நான் ஒரு பந்தையும் தொடவில்லை. அவர் வெள்ளைப் பந்தை மெதுவாக உருட்டி விட்டார், அது வாவிப் பக்கத்துப் பொக்கட்டை நோக்கி ஒரு விரல் அகலம் சரிந்து போனது. "பார், மேசை குடிக்கிறதுக்குத் தண்ணிப்பக்கம் போகுது" என்றார். துணிக்கு அடியில் ஐந்து கற்பலகைகள் இருப்பதையும், நிலம் ஒரு பக்கம் இறங்கினால் மேசையும் அதோடு சாயும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். சாய்வு பார்க்கிற நீர்மட்டக் கருவியை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்து, கால் ஒன்றின்கீழ் சீட்டுக்கட்டுத் தாள் இரண்டைச் செருகினார். மறுபடி உருட்டினார். பந்து நேரே போனது. ஒவ்வொரு மாரியிலும் இதைச் செய்தீர்கள் மாமா. எத்தனை தாள் போனது என்று சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் மேசையில் ஆடியவர்களுக்குத்தான் தெரியும், அது வருடத்தில் இரண்டு மேசை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் துணி காய்ந்து பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். வாடை தொடங்கி வாவி நிரம்பினால் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேசை விளிம்புக் குஷனில் பட்ட பந்து அரைவாசி உயிரோடுதான் திரும்பும். இந்த விளையாட்டே 1875இல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் வெளியே போக முடியாத பட்டாளத்து அதிகாரிகள் பொழுதுபோக்கத் தொடங்கியது என்று பிறகு வாசித்தேன். மழையும் ஸ்னூக்கரும் எனக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தது அதனால்தானோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதம் எனக்கு மேசை கிடைக்கவில்லை, வெற்றுச் சோடாப் போத்தல்தான் கிடைத்தது. வாங்கின் மேல் போத்தலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் ஸ்டிக்கின் நுனி விளிம்பில் முட்டாமல் போய்வர வேண்டும், நூறு தரம். முட்டினால் முதலில் இருந்து. கண்ணாடியில் நுனி படுகிற அந்த 'டிங்' சத்தம் இப்போதும் கனவில் வரும். பந்துகளின் மதிப்பையும் அந்த வாங்கில் இருந்தபடியே கணக்குப் பாடமாகச் சொல்லித் தந்தீர்கள். சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, மண்ணிறம் 4, நீலம் 5, ரோசா 6, கறுப்பு 7. 15 சிவப்புக்கும் கறுப்பே சேர்த்துப் போட்டு, பிறகு நிறங்களையும் எடுத்தால் 147. "கூட்டிப் பார், வருதா?" என்பீர்கள். வரும். அப்புறம் அந்தக் கதை: 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸில் நம் நாட்டு மொஹமட் லாஃபிர் வென்றது. அது மூன்று பந்து ஆட்டம், ஸ்னூக்கர் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது நீங்கள் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் சொல்வீர்கள்.

இனி அம்மா.

கிளப்புக்குப் போகிற பிள்ளை உருப்படாது, அங்கே காசு கட்டி ஆடுகிறார்கள் என்று உறவுக்காரர்கள் சிலர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அப்பா அப்போது கட்டாரில். அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. தையல் மெஷினை மூடிவிட்டு, ஒரு பின்னேரம் என்னோடு நடந்தே கல்லடிப் பாலம் தாண்டி அந்த அறைக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. மேசைக்கு அருகே போய்த் துணியில் கையை வைத்தார். ஒரு பக்கமாகத் தடவினார், பிறகு எதிர்ப்பக்கமாக.

"இதுக்கு வெல்வெட் மாதிரி மயிர் இருக்கு, என்ன? ஒரு பக்கம் படியுது, மறுபக்கம் முள்ளுது."

மாமாவின் முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. அந்த மயிர் படிகிற திசையில் பந்து நேரே ஓடும், எதிரே மெதுவாக அடித்தால் விலகும் என்று வெள்ளைப் பந்தை உருட்டி உருட்டிக் காட்டினார். அம்மாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. வெல்வெட்டில் சட்டை வெட்டும்போது எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் நிறம் மாறித் தெரியுமாம். இருவரும் துணியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார்கள். திரும்பும்போது பாலத்தில் வைத்து அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அந்த மனிசன் வேலையச் சுத்தமாச் செய்யிறார். நீ போ. ஏழு மணிக்கு வீட்ட நிக்கோணும்."

அடுத்த வருடம் மேசைத்துணியில் கோட்டுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல் விழுந்தபோது, அம்மாதான் வந்து அதைப் பொருத்தித் தந்தார். மேலே விரலால் தடவினால்கூடத் தையல் தட்டுப்படாது. பந்து தவறாமல் ஒரே தொடராக, அதாவது ஒரே பிரேக்கில், நான் எடுத்த முதல் நூறு அந்தத் துணியில்தான் வந்தது. 104. அம்மா, அந்த பிரேக்கில் வெள்ளைப் பந்து உங்கள் தையலைத் தாண்டி மூன்று தரம் போய்வந்தது. இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

பொக்கட் வலைகள் இற்றுப்போய்ப் பந்து நிலத்தில் விழத் தொடங்கிய காலத்தில், பாலமீன்மடுவில் இருந்து மீன் கொண்டுவருகிற மாமா மீன்வலை நூலிலேயே ஆறு பொக்கட்டுக்கும் பின்னித் தந்தார். கூலி கேட்கவில்லை. வேறு எங்கேயும் அவ்வளவு உறுதியான பொக்கட் வலையை நான் பார்க்கவில்லை.

கல்முனை நானாவுக்கு நான் பட்ட கடன் லீட்டர் கணக்கில் இருக்கிறது. எங்கள் மேசையில் எனக்கு ஈடான ஆட்டக்காரர் இல்லை என்று கண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய் அங்கே பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடவிடுவார். போக 40 கிலோமீற்றர், வர 40. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் கோட்டில் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல்தான் என்றான பிறகும் அவர் வந்தார். கடைக்குச் சாமான் எடுக்கச் சைக்கிளில் போனார், பெற்றோலை எனக்காக வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். "தம்பி, ஒரு கிழம விட்டா கை மறந்திரும். ஏறு" என்றார். அவருடைய உம்மா எங்கள் இருவருக்கும் சோறு வைத்துக் காத்திருப்பார். உம்மா, உங்கள் மாசிச் சம்பலுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அந்த வருடப் பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம். மேசைக்கு மேலே விளக்கு இல்லாமல் ஸ்னூக்கர் ஆட முடியாது, பந்துகளின் நிழல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மாமா விடியற்காலையில் வந்து வாவிப் பக்கத்து யன்னல்களின் பலகைகளைக் கழற்றி வைத்தார். ஆறு மணியில் இருந்து எட்டரைவரை அந்த வெளிச்சத்தில் பழகினேன். மின்சார இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் அவருடைய வீட்டுச் சிரட்டைக்கரிப் பெட்டி வந்தது. சாம்பல் ஒரு துளி துணியில் விழக்கூடாது என்று பெட்டியை வெளியே கொண்டுபோய் ஊதி, வாயை மூடி, ஈரத்துணியால் அடியைத் துடைத்து, பிறகு பேப்பரில் வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் மேசைக்குக் கொண்டுவருவார். மேசையில் ஆட வேறு ஒருவரும் வராத நாட்கள் அவை. எனக்காக மட்டும் அதைச் செய்தார்.

கொழும்பு நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு மெயில் ரயிலில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக்குப் போகும் எனக்கு ஹோலில் பாய் போட்டுத் தந்த பெரியம்மாவுக்கு நன்றி. போட்டி ஆட்டத்தில் தற்காப்பு என்றால் என்ன என்று காட்டிய மூத்த ஆட்டக்காரருக்கு நன்றி. அவர் இரண்டு மாதம் என்னை ஒரு பந்தும் போடவிடவில்லை. சிவப்பைத் தொட்டுவிட்டு வெள்ளையைக் கோட்டுக்குப் பின்னால் குஷனோடு ஒட்டக் கொண்டுவா, அவ்வளவுதான் பாடம்.

பாங்கொக் செலவைத் தருகிறோம் என்று எழுத்தில் சொன்ன ஒரு நிறுவனம் கடைசிக் கிழமையில் கைவிட்டது. அது யார் என்பது இங்கே தேவையில்லை. அந்தச் செய்தியை அம்மாவுக்குச் சொன்ன அன்று இரவே அரசடி ஓட்டோக்கார அண்ணன்மார் ஒரு பிஸ்கட் டின்னை ஓட்டோவுக்கு ஓட்டோ மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். காத்தான்குடிப் புடவைக்கடை நானா டிக்கெட் காசை மேசையில் வைத்துவிட்டு, "இது கடன் இல்ல தம்பி, கொப்பில எழுதாத" என்றார். மன்னியுங்கள் நானா, எழுதிவிட்டேன். என்னோடு படித்தவர்களில் சிலர் தங்கள் முதல் சம்பளத்தில் இருந்து தந்தார்கள். டின்னில் ஐந்து ரூபாய்க் குற்றிகளும் இருந்தன. அவற்றைப் போட்ட சின்னப்பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் இந்த மடலை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பாங்கொக் மேசைகளுக்கு அடியில் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். துணியில் ஈரம் என்ற பேச்சே இல்லை. முதல் ஆட்டத்தில் நான் ஊர்க் கையால் அடித்தேன், வெள்ளை ஒவ்வொரு தரமும் நினைத்த இடத்தைத் தாண்டி இரண்டு அடி ஓடியது. ஏழு ஃபிரேம் ஆட்டம், முதலில் நாலு ஃபிரேம் எடுப்பவருக்குத்தான் வெற்றி. 4–1 என்று தோற்றேன். அறைக்குப் போய் மாமாவுக்குப் போன் எடுத்தேன். தோல்வியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"துணியத் தடவிப் பாத்தியா?"

"இல்ல மாமா."

"கொம்மா வந்த அண்டைக்கு முதல்ல என்ன செய்தா? கையத்தான் வச்சா. நாளைக்கு நீயும் வச்சுப் பார். கச்சான் மாசம் எண்டு நினைச்சு அடி."

அதே கியூ ஸ்கூலின் அடுத்த போட்டியில் பழகுவதற்குத் தந்த சில நிமிடங்களில் நான் ஒரு பந்தையும் போடவில்லை. துணியைத் தடவினேன், வெள்ளையை மட்டும் மேலும் கீழும் உருட்டினேன். எதிரே நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஆட்டத்தை 4–3 என்று வென்றேன். கடைசி ஃபிரேமில் நீலம், ரோசா, கறுப்பு மூன்றும் மிச்சம் இருக்க நான் 8 புள்ளி பின்னால். நீலத்தைப் போட்டுவிட்டு ரோசாவுக்கு நின்றபோது, சோடாப் போத்தல் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஸ்டிக் எங்கேயும் முட்டவில்லை. அதற்கடுத்த சுற்றில் என்னைவிட நன்றாக ஆடியவரிடம் தோற்றேன்.

அடுத்த வருடமும் போவேன். அதற்கு முன் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு வருகிறேன். இரவு மெயிலில் வந்து இறங்கியதும் நேரே கிளப்புக்குத்தான். மேசைக்கு ஒரு புதுப் பிரஷ்ஷும், மாமாவுக்கு ஒரு புது நீர்மட்டமும் பையில் இருக்கின்றன.

மாமா, இத்தனை வருடத்தில் இஸ்திரிப் பெட்டியை நீங்கள் ஒருநாளும் என் கையில் தரவில்லை. உங்களுக்கு இப்போது முதுகு வலி என்று அம்மா சொன்னார். இந்த முறை நீங்கள் கதிரையில் இருங்கள், நான் இழுக்கிறேன். கோட்டுப் பக்கத்தில் தொடங்குவேன், நடுவில் நிறுத்தமாட்டேன். பேப்பரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

என்றும் உங்கள்,
கல்லடிப் பொடியன்