உதவாத பாட்டு

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. "போராட்டத்துக்கு உதவாத பாட்டு எதுக்கும்மா?" என்று கேட்டிருந்தாய். உன் வயதில் நானும் அப்படித்தான் பேசினேன். அந்தச் சூடு உன்னிடம் இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

புரட்சி கலையைக் கைமாற்றிவிடுகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் முடியாட்சி விழுந்து சரியாக ஓராண்டில், 1793 ஆகஸ்ட் 10 அன்று, லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னரின் சொத்தாக இருந்த ஓவியங்கள் மக்கள் சொத்தாயின.

பாட்டும் அப்படித்தான் கைமாறியது. 1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ரூஜே தெ லீல் என்ற படை அதிகாரி ஒரே இரவில் ஒரு போர்ப்பாட்டு எழுதினார். மார்செய் ஊர்த் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரிசுக்குள் வந்தார்கள். பாட்டுக்கு அவர்கள் ஊர்ப்பெயரே 'மார்செயேஸ்' என்று நிலைத்தது. எழுதியவரோ மன்னரைக் கவிழ்த்ததை ஏற்கவில்லை. பதவி போனது, பிறகு சிறை. அவர் பாட்டு மட்டும் 1795-ல் நாட்டின் பாட்டாகிவிட்டது. எனக்கு அவர்மேல் ஒரு பரிவு உண்டு.

1917 ரஷ்யப் புரட்சியிலும் தொடக்கம் அழகாகத்தான் இருந்தது. கவிஞர் மாயகோவ்ஸ்கி சுவரொட்டிக்கு வரி எழுதினார், அதைக் குறைவாக நினைக்காமல். ஆனால் இருபது ஆண்டுக்குள் உன் கேள்வியை அரசு கேட்கத் தொடங்கியது: "இது எதற்கு உதவும்?" 1936-ல் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் இசைநாடகத்தைக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழ் கடுமையாகத் தாக்கி எழுதியது. அவர் பெரிய இசைக்குழுவுக்காக எழுதிய தன் நான்காம் சிம்பொனியை ஒத்திகையோடு நிறுத்திக்கொண்டார். அது மேடையேற 1961 ஆயிற்று.

எனக்கு அவரைவிடக் கவிஞர் அன்னா அக்மதோவாதான் நெருக்கம். அவர் மகனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். லெனின்கிராட் சிறை வாசலில் பதினேழு மாதம் வரிசையில் நின்ற தாய் அவர். அங்கே எழுந்த 'ரெக்வியம்' என்ற கவிதையை வீட்டில் வைத்திருக்கவே முடியாது. துண்டுத் தாளில் எழுதுவார். நம்பிக்கையான தோழி படித்து மனப்பாடம் செய்ததும் தாளைச் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கவிதை சில பெண்களின் நினைவில் மட்டுமே இருந்தது. சோவியத் நாட்டில் அச்சேறியது 1987-ல். அதற்கு 21 ஆண்டு முன்பே அவர் இறந்துவிட்டார்.

அதன் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சி வரும். வரிசையில் பின்னால் நின்ற, உதடு நீலமான ஒரு பெண், யாரோ இவரை அடையாளம் கண்டுகொண்டபோது, காதோரம் கிசுகிசுக்கிறாள்: இதை உங்களால் எழுத முடியுமா? முடியும் என்கிறார் இவர். அப்போது அந்த முகத்தில் புன்னகை போல ஏதோ ஒன்று வந்துபோனதாம்.

அந்தக் கவிதையால் சிறைக்கதவு திறக்காது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பிறகு எதற்காகக் கேட்டாள்? உனக்கு என்ன தோன்றுகிறதென்று எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா