பதில் எனக்கு மட்டும் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் அளவு வெள்ளம் நிற்பது புதிய செய்தி அல்ல. அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. வெள்ளம் வடியவென்று கட்டிய வாய்க்காலைப் பற்றி மூன்று பேர் ஒரே கந்தோரில் ஒரே கேள்வியைக் கேட்டோம். மூன்று பேருக்கும் மூன்று பதில் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த உள்ளூராட்சிச் சபை என்று சொல்லப்போவதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் அந்த ஒரு சபையின் கதையாகிவிடும். மற்றக் கந்தோர்க்காரர் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள்.

நான் 1984இல் எழுதுவினைஞராகச் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றவள். 38 வருடம் கோவைகளோடுதான் வாழ்ந்தேன். ஆகவே கந்தோர்ப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

கடந்த மார்கழி மழையில், மேற்கே ஓடவேண்டிய தண்ணீர் திரும்பி எங்கள் படலைக்குள் ஏறியது. வாட்டம் பிழை. அதோடு வாய்க்கால் ஒழுங்கையின் முடிவு வரை போகவும் இல்லை. ஒரு மதிலடியில் நின்றுவிட்டது. மிச்சத்தைக் கட்டாமல் விட்டார்களா, திட்டமே அவ்வளவுதானா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. தை பிறந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினேன். கேட்டது மூன்றே விடயம்: வாய்க்காலின் நீளம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரருக்குக் கடைசியாகக் கொடுத்த தொகை.

தகவல் அலுவலர் நல்ல பிள்ளை. என் மகனிலும் இளையவர். விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, "ஏன் அன்ரி உங்களுக்கு உது?" என்று கேட்டார். காரணம் கேட்கக்கூடாது தம்பி, சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். சிரித்தார். விண்ணப்பம் கிடைத்தது என்று எழுத்தில் உடனே தரவேண்டும் என்பதும் சட்டம்தான். அதற்குப் படிவம் இல்லை என்றார். பழைய எழுதுவினைஞர் ஒருத்தி இரண்டு பிரதி இல்லாமல் கந்தோருக்குப் போவாளா? என் பிரதியில் திகதி முத்திரை குத்துவித்துக்கொண்டு வந்தேன்.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடுகளைப் பார்க்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதினேன். அதன் பிறகுதான் தொலைபேசி வந்தது: பதில் ஆயத்தம், ஐந்து பக்கம், வந்து எடுக்கலாம். முதல் நான்கு பக்கம் இலவசம். ஐந்தாவதற்கு 2 ரூபா. அந்த 2 ரூபாவைக் கட்டப் போனால் காசு வாங்கும் சிறாப்பர் வங்கிக்குப் போய்விட்டார். பற்றுச்சீட்டு இல்லாமல் கடதாசி தரமுடியாதாம். அடுத்த நாள் திரும்பவும் பஸ் ஏறினேன். இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்திருந்தாலும் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கமாட்டேன்.

பதிலில் நீளம் 210 மீற்றர் என்றிருந்தது.

அன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் சொன்னேன். எங்கள் ஒழுங்கையின் முதலாவது வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் எழும்பிப் போய், சைக்கிள் கூடையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்தார். அவரும் கேட்டிருக்கிறார்! எனக்கு மூன்று கிழமை முன்னமே பதிலும் வந்துவிட்டது. அதில் 185 மீற்றர். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நிலையத்தின் செயலாளர் அலுமாரியைத் திறந்து மூன்றாவது கடிதத்தை எடுத்தார். நிலையத்தின் பெயரில் அவர் கேட்டதற்கு வந்த பதில் ஒரே வரி: "கோரப்பட்ட தகவல் எம்மிடம் இல்லை."

மூன்றும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பீட்டில் 210 இருந்திருக்கும், வேலை முடிந்து அளந்தபோது 185 வந்திருக்கும், மூன்றாவது கடிதம் வேறு கிளையின் மேசைக்குப் போயிருக்கும். இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. ஆனால் மூன்றாவது கடிதத்தைத் தட்டச்சு செய்தவருக்கு முதல் இரண்டும் அதே கட்டடத்திலிருந்து போனது தெரியாது. கேள்வி வருகிறது, ஒருவர் தேடுகிறார், பதில் உறைக்குள் போகிறது, உறை வீட்டுக்குப் போகிறது. அதோடு கந்தோர் அதை மறந்துவிடுகிறது. அடுத்தவர் கேட்டால் திரும்பவும் முதலிலிருந்து தேடுகிறார்கள்.

நான் உள்ளே இருந்து பார்த்ததையும் சொல்லவேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. எங்கள் திணைக்களத்தில் தகவல் அலுவலராக யாரைப் போடுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. மறுத்துப் பேசத் தெரியாத ஒருவரைப் போட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே இரண்டு பேருடைய வேலை இருந்தது. விண்ணப்பம் வந்தால் அது விடய எழுதுவினைஞரிடம், அதாவது என்னிடம், வரும். ஒருமுறை ஒரு விண்ணப்பத்தை 13ஆவது நாள் வரை என் தட்டின் அடியில் வைத்திருந்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. முந்திய ஆண்டு வேறொருவர் அதையே கேட்டிருந்தார், அந்தப் பதிலை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கொப்பியில் "இந்தத் திகதி, இந்தக் கேள்வி, இந்தப் பதில்" என்று எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கோவை என்றதும் இன்னொன்று. 1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, நாங்கள் சிலர் கந்தோர்க் கோவைகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனோம். சிலது தொலைந்தது உண்மை. ஆனால் "இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது" என்ற வசனம் எங்கள் கந்தோர்களில் நிரந்தர நியமனம் பெற்றுவிட்டது. 2019இல் திறந்த கோவையைக் கேட்ட எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் அதே வசனம் சொல்லப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவாகிய பதிவேட்டை ஆகக்குறைந்தது 12 வருடம் வைத்திருக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது.

சரி, வெளியிடும் கடமை என்ன என்று பார்ப்போம். 10ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் வருடாவருடம் அறிக்கை கொடுக்கவேண்டும்: எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்குக் கொடுத்தது, எத்தனையை மறுத்தது, எவ்வளவு கட்டணம் சேர்ந்தது. எண்ணிக்கை வேண்டியதுதான். ஆனால் "கொடுத்தது" என்ற நிரலில் என் 210, வாத்தியாரின் 185 இரண்டும் ஆளுக்கொரு கோடாக ஏறி, சபைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும்.

9ஆம் பிரிவு இன்னும் நல்லது. உள்ளூர்ப் பணத்தில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், வேலை தொடங்க மூன்று மாதம் முன்னமே பொதுமக்களுக்கும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விபரம் அறிவிக்கவேண்டும். அந்தக் கடமை பொறுப்பான அமைச்சருக்கு. எங்கள் வாய்க்கால் அந்தத் தொகையைத் தாண்டியது. எங்களுக்கு அறிவித்தது கொங்கிரீட் கலக்கும் இயந்திரத்தின் சத்தம்தான். ஒழுங்கை வாய்க்காலுக்கு எந்த அமைச்சர் பொறுப்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் கேட்பது சின்ன விடயம். ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் கொடுத்த கிழமையிலேயே, அந்தக் கேள்வியையும் பதிலையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டும். வரவேற்பு மேசையில் ஒரு கோவை, இணையத்தளத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான். இப்படிச் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து வரவில்லை என்று அந்தத் தகவல் அலுவலர் தம்பி சொன்னார். செய்யவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே. மெல்பேர்ணில் இருக்கிற என் மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கே மத்திய அரசின் திணைக்களங்களுக்கு இது கட்டாயம் என்று தேடிச் சொன்னான். 2011 மே மாதத்திலிருந்து, ஒருவருக்குக் கொடுத்த தகவலை 10 வேலை நாளுக்குள் பொதுவில் போட்டுவிடவேண்டும். தனிப்பட்டவரின் சொந்த விபரம், வியாபார இரகசியம் போன்றவை மட்டும் விலக்கு. அவுஸ்திரேலியா பணக்கார நாடு என்பீர்கள். இந்தியாவின் மத்திய அரசும் 2013இல் தன் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: விண்ணப்பங்களையும் பதில்களையும் சொல்லைக்கொண்டு தேடக்கூடிய விதத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும், தனி ஆள் ஒருவரின் சொந்த விடயம் பற்றியவற்றை விட்டுவிடலாம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்கவில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

இதில் எனக்கே ஒரு பயம் உண்டு. அதை மறைத்து எழுதினால் சரியில்லை. என் விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன்னே, சந்தையில் ஒருவர் என்னை மறித்து, "வாய்க்கால் கணக்குப் பார்க்கிறியளாம்" என்றார். ஒப்பந்தகாரருக்குச் சொந்தக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கந்தோருக்குள் போன என் பெயர் எந்தக் கதவால் வெளியே வந்தது? பதில் வெளியே வரத் தயங்குகிறது, கேட்டவரின் பெயருக்கு மட்டும் கால் முளைக்கிறது. தனியாக வாழும் பெண்கள், அரச நலன்புரி உதவி எடுப்பவர்கள், காணி அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருப்பவர்கள் இதற்குப் பயந்தே கேட்காமல் விடுகிறார்கள். ஆகவே வெளியிடும்போது பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எதுவும் இருக்கக்கூடாது. கேள்வி, திகதி, பதில் போதும். ஒருவர் தன் காணி, தன் பென்சன், தன் பிள்ளை பற்றிக் கேட்டது வெளியே வரவே வேண்டாம். வாய்க்காலுக்கும் றோட்டுக்கும் தண்ணீருக்கும் அப்படி என்ன இரகசியம்? எங்கள் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல். ஒரு கிணற்றில் விழுந்தது அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போகும் என்று சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையில் நாங்கள் படித்துவிட்டோம். ஒரு கிணற்று நீரின் பரிசோதனை முடிவைக் கேட்டவருக்கு மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தால், பக்கத்து வளவுக்காரர் என்ன செய்வது?

எந்த வடிவத்தில் போடுவது என்பதும் முக்கியம். பல கந்தோர்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நானும் அதில்தான் பழகினேன், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கஞ்சல்தான் தெரியும். தாளை ஸ்கேன் பண்ணிப் படமாகப் போட்டால் "வாய்க்கால்" என்று தேடுபவருக்கு அது அகப்படாது. சில இடங்களில் அந்தப் படமும் தலைகீழாக இருக்கிறது. கைத்தொலைபேசியைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. கொழும்பிலிருந்து வரும் பதில்களின் இணைப்புகள் சிங்களத்தில் மட்டும் இருப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் பக்கம் போதாது. எனக்கு வினைத்திறன் தடைப் பரீட்சைக்குப் படித்த சிங்களம் கைகொடுத்தது. எல்லோருக்கும் கொடுக்குமா?

என் விண்ணப்பத்துக்கும் வாத்தியாருடையதற்கும் இடையிலுள்ள 25 மீற்றரைப் பற்றி தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்ய இரண்டு மாத அவகாசம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நடக்கட்டும்.

இதற்கிடையில் நாங்கள் ஒரு வேலை செய்தோம். மூன்று பதிலையும் போட்டோக்கொப்பி எடுத்து, பெயர், விலாசத்தைக் கறுப்பு மையால் மறைத்து, சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் வரிசையாகக் குத்திவிட்டோம். கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வீட்டுக்காரர் வந்து வாசித்துவிட்டு, இனி விண்ணப்பம் தேவையில்லை என்று போய்விட்டார்கள். போன கிழமை சபையிலிருந்து ஓர் ஊழியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பலகையைக் கழற்றச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து வாத்தியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவரோ கைத்தொலைபேசியை எடுத்து மூன்று கடிதத்தையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். ஏன் தம்பி என்று கேட்டோம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். கந்தோரில் பிரதி அகப்படவில்லையாம்.

பெயரும் விலாசமும் தங்களுக்காகத் தனித்தாளில் இணைத்துள்ளேன். பத்திரிகையில் போடவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
வலிகாமம்.