வரைபடம் பெரிதானால் கதை பெரிதாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய வரைபடத்தில் எங்கும் போகலாம், எதையும் செய்யலாம் என்று விடுகிற வீடியோ கேம்தான் நல்ல கேம் என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என்னிடம் மாலை டியூஷனுக்கு வரும் நான்காம் படிவத்து (பதினாறு வயது) பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆடுபவர் செய்ததைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

2015-இல் வந்த 'தி விட்சர் 3' கேமையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரத்தடியில் ஆவி ஒன்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. என்னை விட்டுவிடு, அந்த அனாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விட்டால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமமே அழிகிறது. அந்த வட்டாரத்துப் பிரபுவின் மனைவி இறந்துபோகிறாள், அவனும் தூக்கில் தொங்குகிறான். சரி, ஆவியைக் கொன்றுவிடலாம் என்றால் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். எல்லாரையும் காப்பாற்ற வழியே கிடையாது. அதைவிட, இதெல்லாம் உடனே தெரிவதும் இல்லை. வேறு வேலைகளில் மூழ்கி நாம் மறந்திருக்கும் நேரத்தில்தான் கணக்கு வந்து நிற்கிறது. ஆடுபவரை மதித்து எழுதிய கதை என்றால் இதுதான்.

அதே கேமில் இன்னொன்றும் நடக்கிறது. நாயகன் மகளாக வளர்த்த பெண்ணைக் கொடியவர்கள் துரத்துகிறார்கள். அவனோ சத்திரத்தில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் சீட்டாடலாம்! கதை அப்படியே காத்திருக்கும். இந்தச் சுதந்திரம் கதையின் பதைப்பைத் தின்றுவிடுகிறது. 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இதற்கு நேர் எதிர். காட்டில் மனம்போல் சுற்றலாம், ஆனால் முக்கியக் கதைக்குள் நுழைந்து சொன்ன வழியை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் தோல்வி என்று நிறுத்திவிடும்.

அப்புறம் 'வெண்பா' என்ற கேம். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் கதை, 2023-இல் வந்தது. சுற்றித் திரிய அதில் ஊரே இல்லை. முடிவையும் நம்மால் மாற்ற முடியாது. அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து மங்கிப்போயிருக்கும். விட்டுப்போன படியை நாமே யோசித்து முதலில் இட்லி அவிக்க வேண்டும். அந்தச் சிறிய வேலைக்குள்ளேயே மகன் தமிழை விட்டு விலகிப்போகிற வலியை வைத்துவிட்டார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் எனக்கு எந்தக் கட்டுப்பாடும் தெரியவில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது, லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (புதிய குடியிருப்புப் பகுதிக்கு) வந்தது என்று எங்கள் மலேசியத் தோட்டங்களிலும் கதைகள் குவிந்து கிடக்கின்றன. இங்குள்ள பிள்ளைகளில் சிலர் நிச்சயம் கேம் செய்யப் போகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள்: திரைப்படத்துக்கு எழுதுவதுபோல் மாதம் ஒரு கேமின் கதைக்கும் தமிழில் விமர்சனம் எழுத இடம் ஒதுக்குங்கள். முதல் கட்டுரையை எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்