அரைத் தானியங்கி ரைபிளும் தொலைதூரக் குறியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் தொலைதூரத் துப்பாக்கி சுடுதல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு என்பதால் மகிழ்ச்சி. ஆனால் அதில் இரண்டு விஷயங்களைத் திருத்தாமல் விட முடியவில்லை.

முதலாவது, கட்டுரை முழுக்க "தானியங்கித் துப்பாக்கி" என்று வருகிறது. அங்கே பேசப்படுவது அரைத் தானியங்கி ரைபிள். டிரிகரை ஒரு முறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுவதை மட்டும் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதுதான் தானியங்கி. பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் இரண்டையும் தனித்தனியாகவே நடத்துகின்றன.

இரண்டாவதுதான் எங்களுக்கு முக்கியம். நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை மாட்டிவிட்டால் சில நாள்களில் 600 மீட்டர் கைவந்துவிடும் என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. கற்க வருபவர்களைக் கெடுப்பது இந்த எண்ணம்தான். அரைத் தானியங்கியில் அடுத்த தோட்டா தயாராகக் காத்திருப்பதால், போன குண்டு ஏன் அங்கே போனது என்று யோசிக்காமலே அடுத்ததைச் சுட்டுவிடுகிறார்கள். இருபது தோட்டா தீர்ந்த பிறகும் கற்றுக்கொண்டது எதுவும் இருக்காது.

அரைத் தானியங்கியால் துல்லியம் வராது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்திருக்கின்றன. இராணுவ ரைபிள் வகைகளுக்கான சர்வீஸ் ரைபிள் பிரிவில் 200, 300, 600 கஜத் தொலைவுகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது அரைத் தானியங்கிதான். 600 கஜ இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 12 அங்குலம். அந்தப் பிரிவில் ஸ்கோப்பை அனுமதித்ததே 2016-இல், அதுவும் 4.5 மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. நிதானமாகச் சுடும் சுற்றில் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுகிறார்கள். அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள் என்பதைக் கற்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பயிற்சியிலும் அப்படியே செய்யலாம். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஒரு தோட்டா மட்டும் போட்டு ஏற்றுங்கள். திறந்த சேம்பருக்குள் (பேரல் என்னும் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவைக் கையால் போட்டு, அதை மூடும் போல்ட்டை அறைந்து மூடவிடக் கூடாது. பல அரைத் தானியங்கிகளில், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மோதும் வேகத்தில் பின் முன்னால் ஓடி, டிரிகரைத் தொடாமலே தோட்டா வெடிக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று: கையால் போல்ட்டை விடுவித்து ஏற்றும் முதல் தோட்டாவும், துப்பாக்கி தானே ஏற்றும் அடுத்த தோட்டாக்களும் சில ரைபிள்களில் ஒரே இடத்தில் விழுவதில்லை. உங்கள் ரைபிள் அப்படியா என்று இலக்கு அட்டையில் குறித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரிகர் விட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிந்தால் பாதித் தவறு குறையும். ஹேமர் என்னும் சிறு சுத்தியல் சுழன்று வந்து ஃபயரிங் பின்னை அடிக்கிறது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இயக்கி ஏற்றும் வகை) ஸ்பிரிங் பின்னை நேராகத் தள்ளுவதைவிட இதற்குச் சற்று அதிக நேரம் பிடிக்கும். பிறகு குண்டு பேரலைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு. அதற்குப் பின்புதான் வாயு அழுத்தத்தில் போல்ட்டைத் தாங்கும் கேரியர் பின்னால் ஓடி, முட்டி, மீண்டும் முன்னால் வந்து அறைகிறது. சுடுபவர் தோளில் உணரும் குலுக்கலில் பெரும்பகுதி குண்டு போன பிறகு வருவது. அதற்குப் பயந்து முன்கூட்டியே தோளை இறுக்குவதும், டிரிகர் விட்டதுமே விரலை வெளியே எடுப்பதும்தான் கெடுக்கின்றன. டிரிகர் விட்ட பிறகும் விரலைப் பின்னால் அழுத்தியபடியே வைத்திருங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு இலக்குக்குத் திரும்பட்டும். பிறகு மெல்ல விடுங்கள். ஒரு சிறிய "க்ளிக்" கேட்கும், விரலிலும் தட்டும். அதுவரை அந்த ஒரு குண்டின் வேலை முடியவில்லை.

அந்தக் க்ளிக்குக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இன்னொன்று செய்ய வேண்டும். இலக்கைப் பார்ப்பதற்கு முன், டிரிகர் விட்ட கணத்தில் குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்பதை நோட்டில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அதன் பிறகு அட்டையைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தவறு உங்கள் பிடிப்பில். ஒத்துப்போகாவிட்டால் காற்று, தோட்டா, தளர்ந்த திருகு என்று தேடலாம், அல்லது டிரிகர் விடும்போது கண் சிமிட்டியிருப்பீர்கள். இந்த நோட்டு இல்லாமல் பழகுபவர்கள் ஆண்டுக்கணக்கில் ஸ்கோப்பையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

படுத்துச் சுடும் நிலைக்கு வருவோம். மேகசின் நீளமாக இருந்தால் தரையில் முட்டி ரைபிளைத் தூக்கும். 5 அல்லது 10 தோட்டா பிடிக்கும் மேகசின் போதும். முன்னால் பைபாட் என்னும் இரு கால் தாங்கி, தோளில் பதியும் ஸ்டாக்கின் அடியில் சிறு மணல் பை. உடம்பு ரைபிளுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் ஒவ்வொரு உதைப்புக்கும் முனை ஒரே பக்கம் துள்ளும். குறி சரியாக அமைந்ததும் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறுக்குக்கோடு நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், இடுப்பை நகர்த்துங்கள். கையால் இழுத்து வைத்த குறி டிரிகர் விடும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடும். பேரலைச் சுற்றியுள்ள கைப்பிடி பேரலைத் தொடாத வகையாக இருந்தால் நல்லது. தொடும் வகையில், பைபாட் மீது கொடுக்கும் அழுத்தம் மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும்.

ஸ்கோப்பை மாட்டும்போது, அதைத் தாங்கும் மவுண்ட் முழுவதும் ரைபிளின் மேல் பாகத்திலேயே உட்கார வேண்டும். முன்காலைக் கைப்பிடியின் மீது வைத்தால், அது வளையும்போது ஸ்கோப்பும் வளையும். திருகுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். "கை அளவு இறுக்கம்" ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்று.

அளவுகளைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஸ்கோப்பின் கோண அளவான ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 600 மீட்டரில் 60 செ.மீ. ஸ்கோப்பின் திருகுகுமிழில் ஒரு க்ளிக் 0.1 மில் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ. நகரும். ஒரு எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்) என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 செ.மீ. ஸ்கோப்பும் அதன் குறுக்குக்கோடும் ஒரே அளவையில் இருக்கட்டும்; ஒன்று மில், மற்றொன்று எம்.ஓ.ஏ. என்றால் ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட வேண்டியிருக்கும். 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்த) பிறகு, உயரமான அட்டையின் கீழ்ப்புள்ளியைக் குறிவைத்தபடியே 10 மில் ஏற்றிச் சுடுங்கள். குண்டுகள் சரியாக 1 மீட்டர் மேலே, தூக்குநூல் பிடித்து வரைந்த செங்குத்துக் கோட்டில் விழ வேண்டும். 97 செ.மீட்டரில் விழுந்தால் ஸ்கோப்பின் க்ளிக் கணக்கில் பிழை. கோட்டைவிட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்கோப்பைச் சாய்த்து மாட்டியிருக்கிறீர்கள்.

இந்தச் சாய்வை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. .308 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) ரைபிளில் 175 கிரெய்ன் (ஏறக்குறைய 11 கிராம்) எடைக் குண்டு 100 மீட்டர் ஜீரோவில் இருந்து 600 மீட்டருக்குப் போவதற்குள் 3 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அவ்வளவு ஏற்றி வைத்த நிலையில் ரைபிள் 3 பாகை சாய்ந்தாலே குண்டு 15 செ.மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்விடும். 3 பாகைச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப்பில் ஒரு சிறிய நீர்மட்டக் குமிழி இருந்தால் தெரியும்.

காற்றுக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை. அதே குண்டுக்கு, விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நேர் குறுக்கே அடிக்கும் காற்று 600 மீட்டரில் முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளும். 45 பாகையில் வரும் காற்றைப் பாதி என்று கணக்கிடுகிறார்கள். உண்மையில் அது 70 சதவீதம். பாதி என்பது 30 பாகைக்குத்தான். கையில் உள்ள காற்றுமானி நீங்கள் இருக்கும் இடத்துக் காற்றை மட்டும் சொல்லும். நடுவழியில் என்ன அடிக்கிறது என்பதைப் புல்லும், இலக்குப் பக்கம் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் தெரியும் கானல் அலையும் சொல்லும். அலை நேராக மேலெழும்பி "கொதிப்பது" போலத் தெரிந்தால் பக்கக்காற்று இல்லை, அல்லது காற்று உங்களுக்கு நேராக வருகிறது, போகிறது; அந்தக் கணத்தில் சுடாதீர்கள், சற்று நேரத்தில் எந்தப் பக்கமும் திரும்பிவிடும். அலை ஒரே பக்கம் சாய்ந்து ஓடும்வரை காத்திருங்கள்.

மூன்று குண்டு ஒரே ஓட்டையில் போனதும் படம் எடுத்துப் பெருமைப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே துப்பாக்கி, அதே ஆள், பத்து குண்டு சுட்டால் குரூப்பின், அதாவது துளைக் கூட்டத்தின், அகலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பொருளில்லை, புள்ளியியல் அப்படி. ஜீரோவைப் பத்து குண்டின் மையத்தில் வையுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். வேகமாகச் சுட்டால் பேரல் சூடேறி, மேலெழும் அனல் ஸ்கோப்பின் பார்வையைக் கலக்கும். சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவைத்தால் வெடிமருந்தும் சூடாகி வேகம் கூடும். விநாடிக்கு 10 மீட்டர் வேக மாற்றம் 600 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ. மேல் கீழாகக் காட்டும். ஆகவே காத்திருக்கும்போது சேம்பர் காலியாக, போல்ட் திறந்தே இருக்கட்டும்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மூச்சையும், ஸ்டாக்கின் அடியில் உள்ள மணல் பையைப் பிடிக்கும் கையையும், தோட்டாவின் வேகத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்று, டிரிகர் விரல், சாய்வு. எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறினால் முதலில் திருகுகள்.

இவற்றில் பாதியைத் தோட்டா இல்லாமலே பழகலாம். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒரு சிறு புள்ளியைக் குறிவையுங்கள். பேரல் முனையில் ஒரு நாணயத்தை நிறுத்தி, டிரிகர் விடும்போது அது விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை போதும். ஐம்பதாவது முறையில் விரல் சோர்ந்து தவறான பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அடுத்ததாக, சிறு தோட்டா சுடும் .22 ரிம்ஃபயர் ரைபிளில் 50, 100 மீட்டர். காற்று அந்தச் சிறு குண்டை 100 மீட்டரிலேயே நன்றாகத் தள்ளும் என்பதால், நீண்ட சுடுதளம் கிடைக்காதவர்களும் காற்றைப் படிக்கக் கற்கலாம். பிறகு பெரிய ரைபிளில் 100, 200, 300. ஒரு தொலைவில் பத்துக்குப் பத்து குண்டையும் நோட்டில் சரியாகச் சொல்ல முடிந்த பிறகே அடுத்த தொலைவு.

பாதுகாப்பில் அரைத் தானியங்கிக்கென்று சில கவனங்கள் உண்டு. சுட்ட உடனே துப்பாக்கி மீண்டும் ஏற்றப்பட்ட நிலையில் இருக்கிறது. எழுந்து திரும்புமுன் மேகசினைக் கழற்றி, பிறகு போல்ட்டை இழுத்துச் சேம்பரைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால், வெளியே தள்ளிய தோட்டாவின் இடத்தில் மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். டிரிகர் விட்டும் வெடிக்காவிட்டால் முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்த குண்டு பேரலைப் பிளந்துவிடும். காலித் தோட்டாக்கள் சூடாக வலப்புறம் பறக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் கண்ணாடி வேண்டும். ரைபிள் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். அதற்குக் காதுக்குள் செருகும் அடைப்பானும் காதை மூடும் மேல்மூடியும் சேர்த்து அணிவதே சரி.

உரிமம், அனுமதி பெற்ற சுடுதளம், அங்கே பொறுப்பில் இருக்கும் பயிற்றுநர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இந்தப் பயிற்சி இல்லை. அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது, ஸ்கோப்பின் படத்தோடு நிறைய புள்ளிகள் குறிக்கப்பட்ட ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இலக்குச் சுடுதல் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்