விரால் ஒன்றா, இரண்டா?

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? ஆறு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இப்போது உன்னிடம் ஒன்று கேட்டே ஆகவேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். ஒன்பது வயது. வந்த மறுநாளே, "தாத்தா, தூண்டில் போடக் கத்துக்குடு" என்றாள். அவள் அப்பன் ஒருநாள் கேட்டிருப்பானா! மூங்கில் கம்பு வெட்டி, நரம்பு கட்டி, எங்கப்பா செய்கிற மாதிரியே மயிலிறகுத் தண்டைத் தக்கையாக வைத்துக் கொடுத்தேன். கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் வாழையடியைக் கிளறினால் கொட்டாங்கச்சி நிறையப் புழு. முதலில் முகத்தைச் சுளித்தாள். மூன்றாவது புழுவை அவளே முள்ளில் கோத்தாள், வால் மட்டும் வெளியே நெளிகிற மாதிரி.

"தக்கை துடிச்சா பொறு. அமுங்கிப் பக்கமா ஓடினா இழு." இவ்வளவுதான் சொன்னேன். ஐந்தாறு தடவை அவசரப்பட்டு வெறும் முள்ளை இழுத்தாள். ஏழாவதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை! முதுகு முள் குத்தாமல் இருக்கத் தலையிலிருந்து வால் பக்கமாக நீவிப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தாள். அது ஆப்பிரிக்க மீன், 1952-ல்தான் நம் நாட்டுக்கு வந்தது என்றதும், "உன் வயசா தாத்தா?" என்றாள். உன் வயதும்தானே. புரட்டாசியில் வீட்டுக்குள் மீன் வாசமே கூடாது என்று உன் அண்ணி கண்டிப்பு. தண்ணீரிலேயே விட்டுவிட்டோம்.

அடுத்த நாள் ஐயனார் குட்டைக்குப் போனோம். அல்லி ஓரத்தில் உலை கொதிக்கிற மாதிரி தண்ணீர் பொங்கியது. எட்டிப் பார்த்தால் விரால் குஞ்சு! சிவப்பாக, நூற்றுக்கணக்கில், மூச்சுக்கு மேலே வந்து வந்து போகிறது. அடியில் கறுப்பாக ஒரு நிழல். அவள் தூண்டிலை ஓங்கிவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். குஞ்சோடு இருக்கிற விரால் பசிக்குக் கடிக்காதும்மா, பிள்ளையைக் காக்கத்தான் கடிக்கும், அப்போது பிடிக்கவே கூடாது என்றேன். "நீ பிடிச்சதே இல்லையா?" என்று கேட்டாளே, சேது.

பொய் சொல்ல வரவில்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964, அந்தப் புயலுக்கு முந்தின ஐப்பசி. இதே குட்டை. குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே நீ தவளையைக் கட்டி இறக்கினாய், நான் கம்பைப் பிடித்திருந்தேன். முழங்கை நீளம். எங்கப்பா அன்றைக்கு அந்தக் குழம்பைத் தொடவில்லை. என்னோடு இரண்டு நாள் பேசவுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது ராத்திரியில் கரண்டுக் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டுக் குஞ்சு குளுவான்வரை மிதக்க விடுகிறான்களே, அவன்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஐப்பசிதான் நினைவுக்கு வருகிறது என்றும் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் அந்தக் குஞ்செல்லாம் என்னாச்சு?"

ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் காவல் இருக்கும் என்று அப்பா சொல்வார். ஒன்று மிஞ்சியிருந்தால் குஞ்சுகளைக் கரைசேர்த்திருக்கும். நான் முதல் மீனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். நீ குட்டையிலேயே நின்றாய். விளக்கு வைத்த பிறகுதான் வந்தாய், சட்டையெல்லாம் ஈரமாக. அன்றைக்கு நான் கேட்கவில்லை.

மறுபடி தூண்டில் போட்டாயா? இன்னொன்றையும் பிடித்தாயா? இருக்கிறபடி எழுது. அவள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறாள். தினமும் காலையில், "சேது தாத்தா லெட்டர் வந்துச்சா?" என்று கேட்கிறாள்.

உன்,
ராமு